குழாய்க் கிணறும் பாஷாணமும்

அந்நிய நாட்டார் அளித்த பொருளால் ஓர் ஏழை நாட்டில் கிணறு தோண்டப்படுகிறதென்றால், அதில் குறை காண யாருக்கு மனம் வரும்? எனினும் வங்காள தேசத்தில் நடந்ததை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகிறோம்.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வந்த அந்நாட்டு மக்களை வாந்திபேதி ஓயாது வாட்டிற்று. குழந்தைகளே பெரிதும் மாண்டனர். ஆகவே 1970-களில் யூனிசெப் முதலிய ஸ்தாபனங்கள் பொருளுதவி செய்து, கைப்பம்பு பொருத்திய குழாய்க் கிணறுகளை ஊரூராய் இறக்கின. பலனைக் கண்ட குடியானவர்களும் தங்கள் காசிலேயே முற்றத்தில் குழாய் இறக்கிக்கொண்டனர். தொகை பல இலட்சமாயிற்று. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இவ்வழக்கம் புதிதன்று: கிணற்றின் தொகை ஏட்டில் ஏறும், நீரின் குணம் ஏறாது.

இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்த பாஷாணம், பிராணவாயு எட்டாத மண்ணடியில் கரைந்து, ஆழங்குறைந்த அக்குழாய்களில் ஏறிற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல்லாண்டு பருகிய பின்னரே உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிக்கும். பின்னர்ப் புற்றுநோயும் வரும். குஷ்டமென்றும் சாபமென்றும் சொல்லி அந்நோயாளரை அயலார் ஒதுக்கினர். மனைவியரைத் தள்ளிவைத்த கணவரும் உண்டு. இந்த மௌடீகத்தை நம்மவருக்கு விளக்க வேண்டுவதில்லை.

மேற்கு வங்காளத்தில் டாக்டர் கே. சி. ஸாஹா 1983-லேயே இந்நோயைக் கண்டறிந்திருந்தார். எல்லைக்கு அப்பால் சாபாய் நவாப்கஞ்ச் ஜில்லாவில் 1993-ல்தான் கிணற்று நீரில் பாஷாணம் தெரியவந்தது. இதனிடையே 1992-ல், பிரிட்டிஷ் உதவிப் பணத்தில் அந்நாட்டு நீரைச் சோதித்த பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா, பல பொருள்களைத் தேடிற்று; பாஷாணத்தை மட்டும் தேடவில்லை. நோயுற்ற ஒருவர் லண்டனில் வழக்காடினார். அந்த இலாகா அவருக்குக் கடமைப்பட்டதன்று என்று 2006-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டம் அவ்வாறிருக்கலாம். ஆயினும், இரப்போன் பாத்திரத்தில் இட்டதைச் சோதிப்பவன் யார் என்ற கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை.

3½ கோடி முதல் 7 கோடியே 70 இலட்சம் மக்கள் வரை அபாயத்திலிருப்பதாக 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை கணித்தது. பிறகு கிணறுகளைச் சோதித்து, தீயதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினர். சாயம் சில ஆண்டில் மங்கிற்று. புதிய குழாய்களோ சோதனையின்றி இறங்கின. மிக ஆழமான கிணறுகளில் பெரும்பாலும் பாஷாணமில்லை. அவற்றைத் தோண்டச் செலவு அதிகமாதலால் சர்க்காரே தோண்டிற்று. அவற்றுள் சில, பாஷாணமுள்ள ஊர்களுக்குச் செல்லாமல், அரசியல்வாதிகளின் ஆதரவாளர் வீட்டு வாசலுக்குச் சென்றன என்று 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சங்கத்தார் அறிக்கை வெளியிட்டனர்.