சுள்ளி பொறுக்கினா திருட்டா?

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா அவங்க வேப்பமரத்துல கிளை கழிச்சாங்க. கரண்ட் கம்பியில உரசுதாம். "தம்பி, வெந்நீர் அடுப்புக்கு வேணும்னா அள்ளிட்டுப் போங்க, காசெல்லாம் வேணாம்"னு மதிலுக்கு மேல எட்டிப் பார்த்துச் சொன்னாங்க. விடுவமா? நான் அரிவாளை எடுத்துக்க, எட்டு வயசு மகள் பொறுக்கற வேலையை எடுத்துக்கிட்டா. தடிக் கட்டைகளை நான் இழுத்தேன். விரல் பருமன் குச்சிகளை அவ கத்தையா அடுக்கினா. பழைய துண்டைச் சுருட்டி சும்மாடு வெச்சு விட்டதுல அம்மணிக்கு ஒரே பெருமை. (கத்தையைவிட சும்மாடு பெருசு, அது வேற விஷயம் :-))

கடைசி நடையில கேட்டா பாருங்க: "அப்பா, அவங்க சொல்லாம நாமளா எடுத்திருந்தா திருட்டா?"

பக்கத்து வீட்டு மரம்னா 'ஆமா'ன்னு ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். காட்டுல தானா உதிர்ந்த சுள்ளின்னா? அங்கதான் சிக்கல். அந்தக் கேள்விக்கு நம்ம சென்னை ராஜதானியில சர்க்காருக்குள்ளேயே ரெண்டு பதில் இருந்தது.

1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டாங்க. எஞ்சினுக்குப் போட விறகு வேணும். ஊர்ல அடுப்பெரிக்கிற அதே விறகு! கடலோரமா சவுக்குத் தோப்பு போட்டு வளர்த்ததுக்கு இதுவும் ஒரு காரணம். (சவுக்கு பச்சையா இருந்தாலும் எரியும். வேம்பு அப்படி இல்ல. ரெண்டு வாரமாவது வெயில்ல கிடக்கணும், இல்லேன்னா கண்ணு எரிஞ்சே போயிடும்.) விறகுக்கு விலை வந்ததும் காட்டுக்கு வேலி வந்தது. இது என் கணிப்பு. வேற காரணங்களும் உண்டு, ஆனா இதுதான் பெருசுன்னு எனக்குப் படுது.

1871-ல சென்னை ரெவின்யூ போர்டு சொன்னது இப்பவும் ஆச்சரியமா இருக்கு. இந்த ராஜதானியில ஏதாவது ஒரு கிராமத்து எல்லைக்குள்ள வராத காடே அபூர்வம், அதையெல்லாம் தன் சொத்துன்னு அரசு உரிமை கொண்டாடினதாவும் தெரியலங்கற அர்த்தத்துல எழுதினாங்க. எழுதினது வெள்ளைக்கார அதிகாரிங்க! வனத்துறையோ நேர் எதிர். கடைசியில ஜெயிச்சது வனத்துறைதான். 1882-ல சென்னை வனச் சட்டம் வந்தது. ரிசர்வ்னு எல்லைக்கல் நட்ட காட்டுக்குள்ள அனுமதியில்லாம விறகு எடுத்தா குற்றம். பெர்மிட் வாங்கு, காசு கட்டு.

யாரைப் பாதிச்சிருக்கும்னு யோசிங்க. தச்சு மரம் வெட்டற காண்ட்ராக்டர் பெர்மிட் காசைக் கட்டிடுவார். காலையில சும்மாட்டோட கிளம்பற பொம்பளையும் கூட ஓடற பிள்ளையும் என்ன செய்வாங்க? 'இலவச விறகு'ங்கறோம், அவங்க நடந்த நடைக்கும் கழுத்து வலிக்கும் யாரும் கணக்கு எழுதல. வனக்காவலர் மாமூல் பத்தின புகார் குவிஞ்சு, ராஜதானி 1913-ல ஒரு வனக் கமிட்டி அறிக்கையே பார்த்தது. ஊர்க்காரங்களோட தேவைக்கான காடுகளைப் பஞ்சாயத்துகிட்ட விடலாம்னு அதுலதான் சொன்னாங்க. எல்லா இடத்துலயும் நடக்கல. அப்ப இதே ராஜதானியில இருந்த குண்டூர் ஜில்லா பல்நாட்டுல மேய்ச்சல் வரி கட்ட மாட்டோம்னு ஜனங்க எழுந்தாங்க. அவங்களோட நின்ன கன்னேகண்டி ஹனுமந்து 1922-ல போலீஸ் குண்டுக்கு செத்தார்.

இதுல கொசுறா ஒரு சேதி. மகள் கேட்ட அதே கேள்வியை 1841-ல ஜெர்மனியில ரைன்லாந்து மாகாண சபை விவாதிச்சது. உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கறதும் திருட்டுத்தான்னு சட்டம் பேசினாங்க. அதைக் கிழிகிழின்னு கிழிச்சு 1842-ல பத்திரிகையில தொடர் எழுதின 24 வயசுப் பையன் பேரு கார்ல் மார்க்ஸ்.

சரி, காடு மூடினா ஜனங்க எதை எரிக்கறது? 1877-ல ஜமைக்காவுலேர்ந்து விதை தருவிச்சு இங்க விதைச்சாங்க, வறண்ட நிலத்துக்கும் விறகுக்கும் ஆகும்னு. அதுதான் நம்ம சீமைக் கருவேலம். இன்னிக்கு ஆளாளுக்கு அதைத் திட்டறோம், 2017-ல மதுரை உயர்நீதிமன்றக் கிளை வேரோட பிடுங்கச் சொன்னது. தப்பில்ல. ஆனா ராமநாதபுரம் பக்கம் அதை நம்பி எத்தனையோ அடுப்பு எரிஞ்சது, கரிமூட்டம் போட்டுப் பிழைச்ச குடும்பங்களும் இருக்கு. காட்டுக்குள்ள போக பயந்தவங்களுக்கு, யார்கிட்டயும் கேட்காம வெட்டிக்க முடிஞ்ச விறகு அது ஒண்ணுதானே?

எங்க பக்கம் சுள்ளியை மிளாறுன்னு சொல்லுவோம். உங்க ஊர்ல என்ன பேர்? சின்ன வயசுல யாரோட தோப்புல பொறுக்கினீங்க, கேட்டுட்டா, கேட்காமலா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.