கும்பக்கரை அருவி: வெயில் அடிக்கும்போதும் குளிக்கத் தடை ஏன்?

பெரியகுளத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆனாலும் கும்பக்கரை அருவியில் குளிக்க வனத்துறை தடை போட்டிருக்கும். ‘இங்க ஒரு சொட்டு மழை இல்லையே, அப்புறம் எதுக்குத் தடை?’ என்று பலரும் கேட்பார்கள். இதற்கான பதில் மேலே கொடைக்கானல் மலையில் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தேனி மாவட்டம் பெரியகுளத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது கும்பக்கரை. இங்கே விழுவது பாம்பாற்றுத் தண்ணீர். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல், வட்டக்கானல் பகுதிகளில் பெய்யும் மழைதான் காட்டு வழியாக இறங்கி வருகிறது. மேலே கனமழை பெய்தால், சரிவான பாறைகளில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே திடீர் வெள்ளம் வருவது இப்படித்தான்.

‘கெஜம்’ என்றால் என்ன?

பாறைகளுக்கு நடுவே இயற்கையாக உருவான ஆழமான குழிகளை இங்கே ‘கெஜம்’ என்கிறார்கள். யானைக் கெஜம், பாம்புக் கெஜம், உரல் கெஜம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. மேலே பார்த்தால் அமைதியான குளம் போலத் தெரியும். ஆனால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, விளிம்பும் வழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் சுழலில் சிக்கலாம். அதனால் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள்.

வெள்ளம் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

• தெளிவான தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறமாக மாறும்.
• இலை, சருகு, குச்சிகள் அதிகமாக மிதந்து வரும்.
• அருவியின் இரைச்சல் கூடும்.

இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே மேடான கரைக்கு ஏறிவிடுங்கள். பை, செருப்பு, செல்போனை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் ஓடையைக் கடக்க முயலாமல், உயரமான இடத்தில் காத்திருங்கள்.

யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால்?

பதற்றத்தில் நீங்களும் குதிக்க வேண்டாம். கயிறு, வேட்டி, துப்பட்டா என கையில் கிடைப்பதை வீசுங்கள். வனத்துறை ஊழியர்களைக் கூப்பிடுங்கள். அவசர எண் 112.

கிளம்பும் முன்...

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை அருவியில் தண்ணீர் அதிகம் வரும், ஆபத்தும் அதிகம். கோடை மழையிலும் திடீரென நீர்வரத்து கூடலாம். எனவே பெரியகுளத்து வானத்தை மட்டும் பார்க்காமல், கொடைக்கானலில் மழையா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தடை என்று சொன்னால், திரும்பி வருவதுதான் புத்திசாலித்தனம். அருவி எங்கேயும் போய்விடாது.