பிக்குல்

மலாய் நாட்டின் பழைய எடை அளவு. 100 காத்தி ஒரு பிக்குல். 16 தாஹில் ஒரு காத்தி. இன்றைய கணக்கில் காத்தி 604.8 கிராம், பிக்குல் ஏறத்தாழ 60.5 கிலோ. மலாயில் 'பிக்குல்' என்றால் தோளில் சுமப்பது. ஓர் ஆள் சுமக்கக்கூடிய பாரமே அளவானது.

ஜொகூரின் உலு திராம் போன்ற தோட்டப் பகுதிகளில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டியதில்லை. ரப்பர் வெட்டியவர்கள் தோளில் வைத்துச் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, தளும்பாமல் இருக்கச் சிறு ஓட்டநடையில் போவார்கள். தோளில் காய்ப்பேறும். பிறகு வந்த செம்பனையில் குலைகளைத் தூக்கி ஏற்றும் வேலை, அதுவும் லேசில்லை.

தூக்குவதிலிருந்து எடைக்குப் பெயர் வருவது பல மொழிகளில் உண்டு. தமிழில் 'தூக்கு' ஓர் எடையளவு. ஆங்கில 'ஹெஃப்ட்', தூக்குதலைக் குறிக்கும் 'ஹீவ்' என்பதிலிருந்து பிறந்து, கனம், செல்வாக்கு என இரண்டையும் சுமக்கிறது. நாமும் 'வெயிட்டான ஆள்' என்கிறோமே!

பிக்குல் ஆங்கிலத்திலும் புகுந்தது. தேயிலைப் பெட்டியைக் குறிக்கும் 'கேடி' காத்தியின் திரிபே. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பின் கிலோ நிலைபெற்றது.