அண்ணன் இல்லாத மேடையில் சாம்பசிவ ஐயர்

ஒருவர் வீணையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வாசிப்பார். பக்கத்திலேயே இன்னொருவர் வழக்கம்போல் மடிமேல் கிடத்தி வாசிப்பார். நிறுத்தியவர் அண்ணன் சுப்பராம ஐயர், கிடத்தியவர் தம்பி சாம்பசிவ ஐயர். கண்ணுக்கு இரண்டு விதம், காதுக்கு ஒரே நாதம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு ரசிகர்கள் ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்று கொண்டாடியது இவர்களைத்தான்.

பூர்விகம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருக்கோகர்ணம். தலைமுறை தலைமுறையாக வீணையைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பம். தந்தை சுப்பையா ஐயரே இருவருக்கும் குரு. தம்பி பிறந்தது 1888-இல். பிறகு காரைக்குடியில் குடியேறினார்கள். பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார்கள் அங்கே ஈட்டிய பொருளால் ஊரில் முகப்பும் நடுமுற்ற வளவுமாக வீடுகளை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தது போலவே அவர்கள் இசைக்கும் கொடுத்தார்கள். பக்கத்து ஊரான அரியக்குடியிலிருந்துதான் பாடகர் ராமானுஜ ஐயங்கார் வந்தார். இத்தனை சிறிய வட்டாரத்துக்கு இது பெரிய கொடுப்பினை.

சகோதரர்களின் கச்சேரியில் மிருதங்கம் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை என்றால் ரசிகர்களுக்கு வேறென்ன வேண்டும்! ராகத்தைத் துள்ளும் நடையில் விரிக்கும் தானத்தை வாசிக்கும்போது மிருதங்கத்தையும் சேர்த்துக்கொள்வது காரைக்குடி பாணியின் தனி அடையாளம். மற்றவர்கள் பெரும்பாலும் தாள வாத்தியத்தை அந்த இடத்தில் சும்மா இருக்கச் சொல்வார்கள். இங்கே தானத்தின் துள்ளலுக்கு மிருதங்கம் கூடவே நடக்கும். மீட்டிலும் ஒரு கண்டிப்பு உண்டு: சாகித்தியத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ, அங்கே விரல் தந்தியில் விழவேண்டும்.

1930களின் பின்பாதியில் சுப்பராம ஐயர் காலமானார். இரட்டையாக மட்டுமே ஊர் அறிந்திருந்த பெயரில் பாதி போய்விட்டது. சாம்பசிவ ஐயருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அதுவரை அண்ணனோடு பகிர்ந்த மேடையில் இனி அவர் தனியாக உட்கார வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவில் வாசித்தவர் அதை விட்டுத் தனியே வாசிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு மேற்கே ஓர் உதாரணம் ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞரான அவர், 1968 ஜனவரியில் பம்பாய் வந்து இந்தியக் கலைஞர்களை வைத்துத் தன் முதல் தனி இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு செய்தார். 1970-இல் குழு உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில், குழுவுக்குள் இடம் கிடைக்காமல் சேர்ந்துபோன தன் பாட்டுகளை மூன்று தட்டுகளாக வெளியிட்டார். மனத்துக்குள் பார்க்கும் பாட்டுகள் அவை. ஆனால் ஹாரிசன் விலகி நின்றது மற்றவர்களோடு ஒத்துப்போகாத கசப்பில். சாம்பசிவ ஐயர் தனித்தது இழப்பினால். ஹாரிசனுக்குத் தனிமை விடுதலையாக இருந்தது, இவருக்கு அது பொறுப்பாயிற்று.

வீணையில் இருபத்துநான்கு மெட்டு, வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று. இருவர் வாசிக்கும்போது ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பலாம். தனியே வாசிப்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு மீட்டின் நாதம் தேய்ந்து முடியும்வரை அவரே அதைத் தாங்க வேண்டும். சாம்பசிவ ஐயரின் வானொலிப் பதிவுகளைக் கேட்டால் இது புரியும். அவசரம் கிடையாது, கைதட்டலுக்காக விரலை ஓட்டுவதும் கிடையாது. ஒவ்வொரு சுரத்தையும் தன்னிடமே கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது போன்ற வாசிப்பு. வீணையின் உள்முகத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டியவர்கள் மிகச் சிலரே.

அவர் தனித்த காலமும் எளிதான காலமல்ல. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும் செட்டிநாட்டுக் கொண்டுவிப்பு நொறுங்கியது. இசையை ஆதரித்த கைகள் மெல்லச் சுருங்கின. அந்த இடத்துக்குச் சபாக்களும், 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கிய வானொலி நிலையங்களும் வந்தன. இந்த நெருக்கடிக்கு நடுவிலும் காரைக்குடி வீட்டில் குருகுலம் நின்றுவிடவில்லை. 1932-இல் பிறந்த ரங்கநாயகி ராஜகோபாலன் சின்னஞ்சிறு பெண்ணாக அங்கே சேர்ந்து, குருவின் கடுமையான கண்டிப்பில் வளர்ந்து, பின்னாளில் அந்தப் பாணியின் பெரிய கலைஞரானார்.

1952-இல் மியூசிக் அகாடமி சாம்பசிவ ஐயருக்குச் சங்கீத கலாநிதி விருது தந்தது. அதே ஆண்டு சங்கீத நாடக அகாடமி விருதும் வந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் அந்த ஆண்டு சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். கடைசி ஆண்டுகளில் சாம்பசிவ ஐயர் ருக்மிணி தேவி அருண்டேலின் கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். பிள்ளை இல்லாத அவர், அண்ணனின் பேரன் சுப்பிரமணியனைத் தன் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். 1958-இல் மறைந்தார். சுப்பிரமணியனின் சகோதரி ராஜேஸ்வரி பத்மநாபன் கலாக்ஷேத்திராவிலேயே பல ஆண்டுகள் வீணை சொல்லிக்கொடுத்தார். சுப்பிரமணியன் 1989-இல் ‘பிருகத்வனி’ என்ற இசை அமைப்பைத் தொடங்கினார்.

நகரத்தார் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரைக் கல்லையும் பார்க்க இன்று வெளியூர்க்காரர்கள் காரைக்குடிக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை வரவேற்கும் வீட்டுக்காரர்கள், ஒரு மாலையாவது அந்த வளவில் சாம்பசிவ ஐயரின் வீணைப் பதிவை ஒலிக்கவிட வேண்டும்.