கண்டியின் தீயும் எங்கள் வீட்டுப் புகையும்



கண்டியில் தீ என்றாலே வெளியிலிருந்து வருவது என்றுதான் எமக்குப் பழக்கம். 1638 மார்ச்சில் தியோகோ டி மெலோவின் போர்த்துக்கேயப் படை நகருக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கன்னொறுவையில் அகப்பட்டு அழிந்தது. 1803இல் ஆங்கிலேயர் உள்ளே நுழைந்தபோது நகரில் ஆளில்லை, அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. அதை வைத்தது நகரை விட்டுப் போன கண்டியர்களேதான்! 1915இலும் 2018 மார்ச்சிலும் என்ன எரிந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திகனயில் எரியும் வீட்டுக்குள் அகப்பட்ட இளைஞர் புகையில் மூச்சுத் திணறி வபாத்தானார். அங்கே ஓர் அலாரம் இருந்திருந்தால் என்று பேச நாங்கள் வரவில்லை. அது வேறு விடயம், அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு.

நாங்கள் பேச வந்தது உள்ளே பிறக்கும் தீயைப் பற்றி.

மன்னர் காலத்தில் சாதாரண குடிமக்கள் ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ மாடி கட்டவோ கூடாது என்று, இங்கே ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். மண்சுவர், வைக்கோல் கூரை. சீக்கிரம் எரியும்தான். ஆனால் புகை கூரை வழியே கசிந்து போகும், மனிதர் ஓரடி வைத்தால் முற்றம். இன்று நாம் கீழே கடை, மேலே வீடு, ஒரே படிக்கட்டு, ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி என்று இருக்கிறோம். 2019 செப்டெம்பரில் யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டடம் தீப்பற்றியபோது, தகப்பன் பிள்ளைகளை மேலிருந்து ஒவ்வொருவராக விட, கீழே நின்றவர்கள் பிடித்துக்கொண்டதைப் பார்த்தோமே. இன, மதம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் விழித்திருந்தார்கள். தூங்குபவரை காபனோரொட்சைட்டு எழுப்பாது, இன்னும் ஆழ்ந்து தூங்க வைக்கும்.

மதீனாவில் ஒரு வீடு இரவில் ஆட்களோடு எரிந்தபோது, படுக்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. குப்பி விளக்கை ஊதி அணைத்தார்கள் எங்கள் மூத்தம்மாமார். நாம் நுளம்புத்திரியையும் போன் சார்ஜரையும் விட்டுவிட்டுப் படுக்கிறோம். 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்ததும் மறந்து போயிற்று.

புகை அலாரம் பிறந்ததே ஒரு தற்செயல். 1930களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் யேகர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்யப் பார்த்தார். வாயுவுக்கு முள் அசையவில்லை. சலித்துப்போய் சிகரட் பற்றவைத்தார், முள் அசைந்தது என்பார்கள். பற்றரியில் இயங்கும் மலிவான வீட்டு அலாரம் வர 1960கள் ஆயிற்று. எமது ஊருக்கு அது பெரும்பாலும் வெளிநாட்டு உறவினரின் பெட்டியில்தான் வந்தது.

வந்ததோடு சரி! பொரிக்கும் புகைக்குக் கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி டீவி ரிமோட்டுக்குள் போடுவோம். குசினிக்குள் மாட்டினால் கத்தத்தான் செய்யும். படுக்கையறைக்கு வெளியே, படிக்கட்டுக்கு மேலே முகட்டில் மாட்ட வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், தூசி தட்ட வேண்டும். இடையிடையே ‘கீச்’ என்றால் பற்றரி முடிகிறது. பத்து வருடத்தில் கருவியையே மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் உணரி பழுதாகிவிடும்.

எங்கள் வீட்டிலுள்ளதைப் போன வாரம் இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தோம். 2009 என்று அடித்திருக்கிறது. பொத்தானை அழுத்தினோம். சத்தமில்லை.