கடிகாரத்தின் கதை 17: வில்லட் கேட்ட இருபது நிமிடம்

ஜெர்மனி முந்திக்கொண்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1916 ஏப்ரல் 30, இரவு 11 மணி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியா-ஹங்கேரியிலும் முள்ளை 12-க்குத் தள்ளிவைத்தார்கள். மூன்றே வாரத்தில், மே 21 அதிகாலையில், எதிரி நாடான பிரிட்டனும் அதையே செய்தது. அந்த மே மாத இரவுதான் இந்த வாரத்துக்கு உரியது. ஆனால் அந்த இரவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர் வில்லியம் வில்லட். லண்டனில் வீடு கட்டி விற்கிற தொழில். தந்தைக்கும் அதே பெயர், அதே தொழில். செல்சி, கென்சிங்டன், கடலோர ஊரான ஹோவ் ஆகிய இடங்களில் இவர்கள் எழுப்பிய வீடுகள் ஏராளம். ‘வில்லட் கட்டியது’ என்று சொன்னாலே வாங்குபவர் மேற்கொண்டு கேள்வி கேட்காத அளவுக்குப் பெயர் இருந்தது. குடியிருந்தது லண்டனுக்குத் தெற்கே சிஸில்ஹர்ஸ்டில். காலையில் குதிரையேறிப் பக்கத்திலுள்ள பெட்ஸ் வுட் காட்டுப் பக்கம் போய்வருவது வழக்கம். 1905 கோடையில் அப்படிப் போனபோதுதான், வெயில் நன்றாக ஏறிய பிறகும் வீடு வீடாகத் திரைச்சீலை மூடியே கிடப்பது அவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

ஜூன் மாத லண்டனில் கிரீன்விச் நேரப்படி 3:43-க்கே சூரியன் வந்துவிடும். மறைய இரவு 8:20 ஆகும். ஏழு மணிக்கு எழுகிறவருக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேலான பகல் தூக்கத்தில் போய்விடுகிறது. அதே ஆள் அன்றிரவு விளக்கைக் கொளுத்திக்கொண்டு உட்காருகிறார். பகல் வீணாகிறது, பிறகு காசு கொடுத்து வெளிச்சம் வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது என்று வாழ்நாளெல்லாம் யோசித்த கட்டடக்காரருக்கு இது பொறுக்குமா?

அவர் கோல்ஃப் பிரியரும்கூட. இருட்டிவிட்டதால் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வருவது அவருக்குப் பிடிக்காது. இதைப் பிடித்துக்கொண்டு, பணக்காரர் ஒருவரின் விளையாட்டு ஆசைக்காக நாட்டுக் கடிகாரமே திரும்பியது என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. கோல்ஃப் மட்டும்தான் குறி என்றால் அவர் தன் அலுவலகத்தை ஒரு மணி நேரம் முன்னதாக மூடியிருக்கலாம், தடுக்க ஆளில்லை. அரசர் ஏழாம் எட்வர்டு சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக் கடிகாரங்களை அரைமணி முன்னால் ஓட விட்டு, தன் வேட்டைக்குப் பகலைச் சேர்த்துக்கொண்டார். வசதி உள்ளவர்களுக்கு அப்படி வழி இருந்தது. வில்லட் கேட்டதோ கணக்குப்பிள்ளைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வேலை முடிந்தபின் கிடைக்கும் வெளிச்சம். தனக்கு எளிதில் கிடைக்கக்கூடிய ஒன்றை ஊருக்கெல்லாம் கேட்டு அலைந்த மனிதர் அவர்.

1907-ல் சொந்தச் செலவில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். ‘பகல் விரயம்’ என்பது அதன் தலைப்பு. நியூசிலாந்து அஞ்சலகத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே பூச்சி சேகரித்த ஹட்சன் 1895-லேயே இரண்டு மணி நேர மாற்றத்தை முன்வைத்ததையும், அதற்கு நூறாண்டு முன்னரே பிராங்க்ளின் பாரிஸ் பத்திரிகைக்கு எழுதிய மெழுகுவத்திக் கடிதத்தையும் தொடரின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வில்லட்டின் திட்டத்துக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவர் மனித உடம்பை யோசித்திருந்தார்.

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமைகள் நான்கில், அதிகாலை 2 மணிக்கு, கடிகாரத்தை இருபது இருபது நிமிடமாக முன்னால் வைக்க வேண்டும். நான்கு வாரத்தில் 80 நிமிடம் சேரும். செப்டம்பரில் நான்கு ஞாயிறுகளில் அதே போலப் பின்னால் கொண்டுவந்துவிடலாம். ஞாயிறு அதிகாலையைத் தேர்ந்தது, அப்போது ரயில்கள் மிகக் குறைவு என்பதால். இருபது நிமிடம் என்பது, வார இறுதியில் சற்று நேரம் கழித்துப் படுத்தாலே ஏற்படுகிற வேறுபாடுதான். யாருக்கும் உறைக்காது. விளக்குச் செலவில் மட்டும் நாட்டுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கும் காட்டினார்.

‘சீக்கிரம் எழுந்தால் போதாதா, கடிகாரத்தை ஏன் தொட வேண்டும்?’ என்று எல்லாரும் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் ஆறு மணிக்கு எழுந்து என்ன செய்வார்? கடை எட்டுக்குத்தான் திறக்கும், ரயில் தன் நேரத்துக்குத்தான் வரும், முதலாளி மாலை ஆறுக்குத்தான் விடுவார். ஊர் மொத்தமும் சேர்ந்து நகர்ந்தால்தான் தனி மனிதனுக்கு மாலை வெளிச்சம் கிடைக்கும். ஊரை ஒன்றாக நகர்த்தக் கடிகாரத்தைவிட்டால் வேறு கருவி இல்லை. இந்த ஒரு விஷயத்தை வில்லட் அளவுக்குத் தெளிவாக அவர் காலத்தில் யாரும் பார்க்கவில்லை.

1908 பிப்ரவரியில் ராபர்ட் பியர்ஸ் என்ற உறுப்பினர் மசோதாவை மக்களவைக்குக் கொண்டுவந்தார். தேர்வுக் குழு உட்கார்ந்து சாட்சிகளை விசாரித்தது. வின்ஸ்டன் சர்ச்சில் ஆதரவு. கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் கிறிஸ்டி எதிர்ப்பு. நாடகக் கொட்டகைக்காரர்கள் எதிர்ப்பு: வெளியே பளீரென்று வெயில் இருக்கும்போது அரங்கத்துக்குள் யார் வருவார்கள்? பங்குச் சந்தைக்காரர்களும் எதிர்ப்பு. லண்டன் சந்தை மூடுவதற்குச் சற்று முன்புதான் நியூயார்க் சந்தை திறக்கும். இரண்டும் ஒன்றாக நடக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்கள் பிழைப்பே இருந்தது. லண்டன் மட்டும் முன்னால் நகர்ந்தால் அது போய்விடும்.

இவர்களில் வானியலாளர்களின் எதிர்ப்பை என்னால் மதிக்க முடியவில்லை. இயற்கை நேரத்தைச் சட்டத்தால் மாற்றலாமா என்று கேட்டார்கள். கிரீன்விச் நேரமே 1880-ல் சட்டம் போட்டுத்தானே நாட்டின் நேரமானது? கிரீன்விச்சுக்குப் பத்து நிமிடம் பின்னால் ஓடிய தன் உள்ளூர் நேரத்தை பிரிஸ்டல் நகரம் இழந்தபோது இவர்கள் ஒருவரும் இயற்கைக்காக வருந்தவில்லை.

விவசாயிகள் சொன்னதுதான் நியாயமான எதிர்ப்பு. வில்லட்டின் மேல் எனக்குள்ள அன்பையும் மீறி அதைச் சொல்லியாக வேண்டும். வெட்டிய புல்லை உலர்த்தி அடுக்க வேண்டுமென்றால் பனி காய வேண்டும். பனி சூரியக் கணக்கில் காய்கிறது. கூலியாள் கடிகாரக் கணக்கில் வீட்டுக்குப் போகிறார். காலையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வைத்த கூலியும், மாலையில் வெயில் இருக்கும்போதே ஆள் போய்விட்ட நட்டமும் விவசாயி தலையில் விழும். பால்காரர் பாடு இன்னும் மோசம். நகரத்துக்குப் பால் கொண்டுபோகும் ரயில் ஒரு மணி நேரம் முன்னால் புறப்பட்டால், அதற்கு முன்னால் கறந்தாக வேண்டும். ஏற்கெனவே இருட்டில் எழுகிறவர் அவர். அவருக்கு ‘விரயமாகும் காலைப் பகல்’ என்று ஒன்று இருந்ததே இல்லை.

கோடை நேரத்தின் நன்மை தீமை முழுவதும் இந்த இடத்தில்தான் பிரிகிறது என்று நினைக்கிறேன். மாலை யாருக்குச் சொந்தமோ அவருக்கு லாபம். காலையில் முதலில் எழுகிறவருக்குச் செலவு.

இதற்கு பிரிட்டனே பின்னாளில் சாட்சி சொன்னது. 1968 அக்டோபரிலிருந்து 1971 அக்டோபர் வரை, குளிர்காலத்திலும் முள்ளைப் பின்னால் வைக்காமல் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டிப் பார்த்தார்கள். மாலையில் விபத்துகள் குறைந்தன. காலையில் கூடியதைவிட மாலையில் குறைந்தது அதிகம் என்பது பிறகு வந்த கணக்கு. ஆனால் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டிசம்பரில் சூரியன் எழ 9:45 ஆகிவிட்டது. பிள்ளைகள் இருட்டில் ஒளிரும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்கள். உயிரோடு வீடு திரும்பியவர் யாரென்று எந்தத் தாய்க்கும் தெரியாது. இருட்டில் நடந்துபோகும் தன் பிள்ளை மட்டும் தெரியும். 1970 டிசம்பரில் மக்களவை 366-க்கு 81 என்ற கணக்கில் அந்தச் சோதனையைக் கைவிட்டது. புள்ளிவிவரப்படி அது தவறான முடிவாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல என்னால் ஆகாது.

நமக்குப் பக்கத்திலேயே இதைப் பட்டு அறிந்த நாடு இலங்கை. 1996 மே மாதம், வறட்சியால் நீர்மின்சாரம் வற்றி நாடு மின்வெட்டில் தவித்தபோது, சந்திரிகா அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. மிச்சம் பிடிக்க அங்கே கோடைப் பகல் என்று தனியாக ஒன்றில்லை. மாலைக்குக் கொடுத்ததை அப்படியே காலையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஏழு மணியை ஒட்டித்தான் விடிந்தது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் கிளம்பினார்கள். அக்டோபரில் அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரைமணி 2006 ஏப்ரல் புத்தாண்டு வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. போர்நிறுத்த ஆண்டுகளில் ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னால் திருப்பிக்கொண்டார்கள். ஒரே தீவு, ஒரே சூரியன், ஒரே சாலையில் இரண்டு நேரம். மின்சாரத்துக்காகத் தொட்ட கடிகாரம் ஆட்சி எல்லையைக் காட்டும் கருவியாகிவிட்டது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும், எழுதுவேன்.

வில்லட்டிடம் திரும்புவோம். அவருடைய இருபது நிமிடம் என்ன ஆனது? தேர்வுக் குழுவின் கையிலேயே அது போய்விட்டது. எட்டு முறை மாற்றுவது குழப்பம், ரயில் அட்டவணைக்கு ஆகாது என்றார்கள். வசந்தத்தில் ஒரு மணி நேரம் ஒரேயடியாக, இலையுதிர்காலத்தில் ஒரு மணி நேரம் ஒரேயடியாக என்று மசோதா மாறியது. வில்லட்டும் இணங்கினார், திட்டம் அடியோடு போவதைவிட இது மேல் என்று எண்ணியிருக்க வேண்டும். இந்த வரலாற்றின் உண்மையான பிழை நடந்தது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. இன்று இந்த ஏற்பாட்டைப் பற்றி வருகிற கடுமையான புகார்களில் பெரும்பகுதி வெளிச்சத்தைப் பற்றியவை அல்ல, அந்த ஒரு மணி நேரத் தாவலைப் பற்றியவை. ஸ்வீடனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வு, வசந்தகால மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் மாரடைப்பு கூடுவதைக் கண்டது. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த ஐரோப்பியத் தாயிடமும் மார்ச் கடைசி ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை எப்படிப் போனது என்று கேட்டால் போதும், ஆய்வே வேண்டாம். லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வில்லட் காட்டிய காசுக் கணக்கும் காலத்தோடு மாறிவிட்டது. அவர் காலத்தில் விளக்குதான் செலவு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006-ல் கோடை நேரத்துக்கு மாறியபோது, வீட்டு மின்செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். விளக்கில் மிஞ்சியதைவிட ஏசி அதிகம் தின்றுவிட்டது. ஆனால் நிலக்கரியை எரித்து வெளிச்சம் வாங்கிய 1907-ஐ அதைக் கொண்டு அளக்கக் கூடாது.

மசோதா 1908-ல் தோற்றது. 1909-ல் தோற்றது. அதன் பிறகும் திரும்பத் திரும்ப வந்து தோற்றது. பிரதமர் அஸ்குவித்தின் அரசு அதைத் தன் மசோதாவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. வில்லட் கடிதம் எழுதினார், கூட்டம் போட்டார், நூலை மறுபடி மறுபடி அச்சிட்டார். 1915 மார்ச் 4 அன்று இன்ஃப்ளுயென்சா காய்ச்சலில் இறந்துபோனார். வயது 58.

பதினான்கு மாதம் கழித்து, அதே அஸ்குவித்தின் அரசு, அதே மசோதாவை, உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் சாமுவேல் கையால் சில நாள்களில் நிறைவேற்றிவிட்டது. மே 17-ல் அரச ஒப்புதல், மே 21-ல் அமல். போருக்கு நிலக்கரி மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது, ஜெர்மனி வேறு செய்துவிட்டது. எட்டாண்டு கெஞ்சிய சொந்த நாட்டுக்காரர் சொல்லி நடக்காதது, எதிரி செய்ததும் நடந்தது. அஸ்குவித்தின் மற்றச் சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வார இடம் வில்லட்டுக்கே சரியாகிவிட்டது. அவருக்கு அது தகும். மே 21 ஞாயிறு காலையில் லண்டன் எப்படிக் கண்விழித்தது, தேவாலயங்களும் ரயில் நிலையங்களும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கையாண்டன என்பதையும், லண்டனுக்கு 25 நிமிடம் 21 விநாடி பின்னால் தனக்கென நேரம் வைத்திருந்த டப்ளின், ஈஸ்டர் எழுச்சி அடக்கப்பட்ட அதே ஆண்டில் அந்த நேரத்தையும் பறிகொடுத்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)