புனித மலையும் பிரட்டுக்களமும்: உரோமக் குடியரசை யட்டியாந்தோட்டையிலிருந்து வாசித்தல்

1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானபோது அதன் நிதியமைச்சராக இருந்தவர் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினர் என்.எம். பெரேரா. லண்டனில் வைமார் அரசியலமைப்பை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். குடியரசுகள் எப்படிச் சரிகின்றன என்பதை அந்த அமைச்சரவையில் அவரைவிட நன்றாகப் படித்தவர் இருந்திருக்க முடியாது. அரசியலமைப்பை வரைந்த கொல்வின் ஆர். டி சில்வாவும் அவருடைய லங்கா சமசமாஜக் கட்சிக்காரரே. ஆனால் அந்தக் குடியரசு ஆறே ஆண்டுகளில், 1978இல், வேறொன்றுக்கு இடம்விட்டது. கி.மு. 509இல் மன்னராட்சியை ஒழித்ததாகச் சொல்லப்படும் உரோமோ ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் போதிய கவனம் பெறாத ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: ஆட்சிக்கு வெளியே நின்றவர்களை இரண்டு குடியரசுகளும் நடத்திய விதம்.

உரோமைப் பற்றிய வழமையான விளக்கம் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸிடமிருந்து வருவது. கொன்சல்கள், செனட், மக்கள் என்ற மூன்று சக்திகளும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தியதால் அரசு நிலைத்தது என்கிறார். கொன்சல் இருவர், பதவிக்காலம் ஓராண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் மறுக்கலாம். நெருக்கடிக்காக நியமிக்கப்படும் சர்வாதிகாரிக்கும் ஆறு மாதமே. மன்னன் செய்துவந்த சடங்குகளைக்கூட விட்டுவிடாமல், அவற்றுக்கென அரசியல் அதிகாரம் இல்லாத ‘சடங்கு மன்னன்’ ஒருவரை வைத்துக்கொண்டார்கள். (இலங்கையின் கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கொபல்லாவ முதல் ஜனாதிபதியானதை இதனோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.) ஆனால் இந்தச் சமநிலை முன்கூட்டி வரைந்த திட்டத்தால் வந்ததல்ல, அடுத்தடுத்த போராட்டங்களால் வந்தது என்பதைப் பொலிபியஸே ஒத்துக்கொள்கிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது.

அந்தப் போராட்டங்களில் முதலாவது கி.மு. 494இல் நடந்தது என்பது மரபு. கடன் கட்ட முடியாமல் அடிமைப்பட்டுக்கொண்டிருந்த பிளெபியர் என்ற சாதாரண மக்கள், படைக்கு அழைக்கப்பட்ட வேளையில், நகரை விட்டு வெளியேறிப் புனித மலை என்ற குன்றில் போய் உட்கார்ந்தார்கள். யாரையும் தாக்கவில்லை, உழைப்பையும் படைச் சேவையையும் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். தோட்டத்து மொழியில் சொன்னால் அது வேலைநிறுத்தம். அதன் பலனாகக் கிடைத்தது ‘திரிபூன்’ என்ற மக்கள் காவலர் பதவி. காவலர்மேல் கைவைத்தவன் எவனையும் கொல்லலாம் என்று பிளெபியர் சத்தியம் செய்துகொண்டார்கள். பதவியின் முழு வலுவும் முதலில் அந்தச் சத்தியத்தில்தான் இருந்தது. காவலர் நகரை விட்டு வெளியே இரவு தங்கக் கூடாது, வீட்டுக் கதவையும் பூட்டக் கூடாது. முறைப்பாட்டோடு வருபவன் எந்நேரமும் உள்ளே வரலாம். பிறகு கி.மு. 451-450இல் பன்னிரண்டு பலகைச் சட்டம், 445இல் பிளெபியருக்கும் உயர்குலத்தாருக்கும் இடையில் திருமண உரிமை, 367இல் பிளெபியருக்கும் கொன்சல் பதவி, 287இல் பிளெபியர் சபையின் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்ற சட்டம். இந்த ஆண்டுகளைச் சொல்லும் உரோம வரலாற்றாசிரியர் லிவி பல நூற்றாண்டுகள் பிந்தியவர். ஆகவே 494இன் விவரங்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் ஒரே திசையில் போகின்றன என்பதில் ஐயமில்லை. நிறுவனம் ஒவ்வொன்றும் வெளியே நின்றவனுக்குத் திறந்துவிட்ட வழியாகவே பிறந்திருக்கிறது.

பண்டைய இந்தியாவின் வஜ்ஜி நாட்டை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். வைசாலியின் லிச்சவிகள் அடிக்கடி கூடி, ஒற்றுமையாகக் கலைந்து, பழைய சட்டத்தை மீறாதிருக்கும்வரை அவர்களுக்கு வீழ்ச்சியில்லை என்று புத்தர் சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தம் கூறுகிறது. அந்தச் சபையில் அமர்ந்தவர்கள் க்ஷத்திரியக் குலத்தவர். உழுதவரும் ஏவல் செய்தவரும் அதில் இல்லை. உள்ளே இருப்பவர்களின் ஒற்றுமை ஒன்றையே நம்பியிருந்த சங்கத்தைப் பிளக்க, மரபின்படி, மகத மன்னன் அஜாதசத்துருவுக்கு வஸ்ஸகாரன் என்ற ஓர் அமைச்சன் போதுமாயிருந்தான்.

இலங்கைக்கு வருவோம். 1815இல் கண்டிப் பிரதானிகள் தெலுங்கு வழி நாயக்க மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கைவிட்டபோது மன்னராட்சி ஒழியவில்லை. முடி மூன்றாம் ஜோர்ஜுக்குக் கைமாறியது. அந்த முடி 1972இல்தான் முற்றாகக் கழன்றது. இடையில் யட்டியாந்தோட்டை அமைந்த களனிப் பள்ளத்தாக்கில் றப்பரும் தேயிலையும் வந்தன, லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகள் வந்தன, தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் 1931 முதல் வாக்களித்தனர். 1947 தேர்தலிலும் வாக்களித்தனர். மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது, வேறு இடங்களில் அவ்வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையையும், அதன்பின் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் பறித்தன.

தோட்டத் தொழிலாளரைப் பிளெபியரோடு ஒப்பிட முடியாது, பிளெபியர் எப்போதும் உரோமப் பிரஜைகளே என்று ஒரு மறுப்பு எழலாம். மறுப்பு சரியானது, என் வாதத்துக்கு அது வலுவும் சேர்க்கிறது. உரோமில் பிளெபியர் பிரஜையாகத் தொடங்கி ஆட்சியாளராக ஏறினர். உண்மையிலேயே வெளியாராக இருந்த இத்தாலிய நேச நாட்டாருக்கும், அவர்கள் கி.மு. 91இல் ஆயுதம் எடுத்தபின், 90இல் பிரஜாவுரிமை கிடைத்தது. இங்கே நடந்தது தலைகீழ். வாக்காளராக இருந்தவர் நாடற்றவராக ஆக்கப்பட்டார். தொகுதி எல்லை வகுக்கும்போது அவருடைய தலை எண்ணப்பட்டது. பெட்டியில் போட அவருக்குச் சீட்டு இல்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சமசமாஜக் கட்சி 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தது என்பதை மறக்கக் கூடாது. 1934-35 மலேரியாவின்போது கேகாலைக் கிராமங்களில் நிவாரணம் செய்தும், 1936இல் ருவான்வெல்லத் தொகுதியை வென்றும் வேரூன்றிய இயக்கம் அது. அதனால்தான் 1972 உறுத்துகிறது. அரசியலமைப்பு நிர்ணய சபை கூடியபோது பனாவத்தை போன்ற தோட்டங்களில் விடியலில் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் பதிந்து றப்பர்ப் பால் வெட்டச் சென்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்ததில் பங்கில்லை. சிறுபான்மையினருக்கு எதிரான சட்டங்களைத் தடுக்க இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு போயிற்று. சட்டங்களை நீதிமன்றம் செல்லாதாக்கும் வழியும் அடைபட்டது. தேசிய அரசுப் பேரவை அதியுயர் கருவியாயிற்று, தன் ஆயுளை 1977 வரை தானே நீட்டிக்கொண்டது. ஓராண்டுக் கொன்சலை உருவாக்கியவர்களுக்கு இது புரிந்திருக்காது. ஒரு பெரும்பான்மை தன் அளவுக்குத் தைத்த யாப்பை, 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்த அடுத்த பெரும்பான்மை எளிதாகக் கழற்றி வைத்தது. யட்டியாந்தோட்டையில் என்.எம். தோற்றார், அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனமும் மிஞ்சவில்லை.

புனித மலைக்கு இணையான நிகழ்ச்சி பின்னர்தான் வந்தது. 1986 தைப்பொங்கலோடு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கத்தை ஆரம்பித்தது. காலையில் மலைக்கும் றப்பர் காட்டுக்கும் போக வேண்டிய நேரத்தில் தொழிலாளர் வழிபாட்டில் அமர்ந்தனர். தேயிலைதான் அந்நியச் செலாவணி என்றிருந்த அரசு விரைவிலேயே இணங்கியது. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களும் அதன் தொடர்ச்சி.

ஆயினும் உரோமோடு ஒப்பிட ஒரு குறை நிற்கிறது. புனித மலையிலிருந்து இறங்கியவர்கள் ஒரு பதவியோடு இறங்கினார்கள். பிரார்த்தனையிலிருந்து எழுந்தவர்களுக்குக் கிடைத்தது வாக்கு. அரசின் எந்த நிறுவனமும் அவர்களுக்கென மாறவில்லை. தோட்டத் தலைவர் துரையிடம் வாதாடலாம், வேலையை நிறுத்தலாம், ஆனால் அவருடைய அதிகாரம் தொழிற்சங்கத்தினுடையது, அரசினுடையது அல்ல. அடுத்த ஆண்டே வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக வாசிக்கப்பட்டது. யட்டியாந்தோட்டைப் பிரதேச சபைக்கு வாக்களித்த லயத்து மனிதர் தன் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்தித் தரும்படி அந்தச் சபையைக் கேட்பதற்கு, 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.